தலைக்கு மேலே தொங்கும் பெயர்கள்: மாண்ட்கமரி நினைவிடம் பற்றி ஒரு திறனாய்வு

நடுகல் நாட்டுவது நம் முன்னோரின் வழக்கம். ஆநிரை மீட்கச் சென்று மடிந்த வீரனுக்கு ஊரார் கல் நட்டு, அவன் பெயரையும் பெருமையையும் பொறித்து வைத்தனர். உலகின் நினைவிடங்களுள் பெரும்பாலானவை இவ்வகையினவே. நம்மவர் காட்டிய வீரத்தையோ, நம்மவர் பட்ட துயரையோ பிறர் மறவாதிருக்கும்படி நாம் அவற்றை எழுப்புகிறோம். நம்மவர் செய்த கொலைக்கு, அது நிகழ்ந்த மண்ணிலேயே, கொலையுண்டவரின் பெயரால் கல் நாட்டுவது முற்றிலும் வேறான செயல். அதற்குப் புகழ் பாடும் மொழி உதவாது. இரங்கற்பாவின் மொழியும் போதாது. பாவத்தை அறிக்கையிடும் மொழி அதற்கு வேண்டும்.

அத்தகைய மொழியை எஃகிலும் மண்ணிலும் தேடிய முயற்சி ஒன்று அமெரிக்க ஐக்கிய நாட்டின் அலபாமா மாநிலத் தலைநகரான மாண்ட்கமரியில் இருக்கிறது. 'அமைதிக்கும் நீதிக்குமான தேசிய நினைவிடம்' என்பது அதன் பெயர். 2018 ஏப்ரல் 26 அன்று அது திறக்கப்பட்டது. வெள்ளையர் கும்பல்களால் கொல்லப்பட்ட கறுப்பின மக்களுக்கென அந்நாட்டில் எழுந்த முதல் பெரும் நினைவிடம் அதுவே. அது எதைச் சாதிக்கிறது, எங்கே குறைபடுகிறது, கிறிஸ்தவ மனச்சான்றிடம் எதைக் கேட்கிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறைக்கப்பட்ட வரலாறு

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்ற மக்களைக் காத்து நின்ற நடுவண் அரசின் படைகள் 1877இல் தென்மாநிலங்களில் தம் காவலைக் கைவிட்டன. அதன்பின் கறுப்பின மக்களை அடக்கி வைக்கும் கருவியாக எழுந்ததே 'லின்ச்சிங்' எனப்படும் கும்பல் கொலை. விசாரணையும் தீர்ப்பும் இல்லாமல், சில வேளைகளில் சிறைக் கதவை உடைத்து இழுத்து வந்து, ஊரறியக் கொன்றார்கள். 1877க்கும் 1950க்கும் இடையே இவ்வாறு கொல்லப்பட்ட கறுப்பினத்தார் 4,400க்கும் மேற்பட்டோரை நினைவிடத்தை நிறுவிய அமைப்பு ஆவணப்படுத்தியிருக்கிறது.

இவை இருளில் நடந்த கொலைகள் அல்ல. 1916இல் டெக்சாஸ் மாநிலத்து வேகோ நகரில் ஜெசி வாஷிங்டன் என்ற 17 வயது இளைஞனை நகர மன்றத்தின் முன்னே எரித்துக் கொன்றபோது ஆயிரக்கணக்கானோர் கூடி நின்று பார்த்தனர். புகைப்படம் எடுத்தனர், அப்படங்களை அஞ்சல் அட்டைகளாக அச்சிட்டு விற்றனர். ஆயினும், இத்தகைய சாவுகளை விசாரித்த அலுவலர்கள், 'அடையாளம் தெரியாத நபர்களால்' நேர்ந்தவை என்றே வழக்கமாக எழுதி முடித்தனர். ஊர் முழுவதும் அறிந்த முகங்கள் ஏட்டில் மட்டும் அடையாளம் இழந்தன.

இப்பொய்யை எதிர்த்து முதலில் பேனா எடுத்தவர்களுள் ஐடா பி. வெல்ஸ் என்ற பெண்மணி தலையாயவர். 1892இல் மெம்ஃபிஸ் நகரில் தம் நண்பர் உட்பட மூவர் கொல்லப்பட்டதைக் கண்டு, கும்பல் கொலைகளின் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து எழுதினார். அதன் பயனாக அவருடைய பத்திரிகை அலுவலகம் சூறையாடப்பட்டது. கும்பல் கொலையை நடுவண் குற்றமாக்கும் மசோதாவை அப்போது காங்கிரசில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினரான ஜார்ஜ் ஹென்றி ஒயிட் 1900இல் முன்வைத்தார். அது நிறைவேறவில்லை. பின்வந்த பல மசோதாக்களும் வீழ்ந்தன. இத்தவறுக்காகச் செனட் சபை 2005இல் மன்னிப்புக் கோரியது. எம்மெட் டில் என்ற சிறுவனின் பெயரைத் தாங்கிய சட்டம் 2022 மார்ச்சில்தான் நிறைவேறியது. அச்சிறுவன் கொல்லப்பட்டது 1955இல். முதல் மசோதாவுக்கும் சட்டத்துக்கும் இடையே 122 ஆண்டுகள்!

இடமும் எழுப்பியவரும்

நினைவிடத்தை அதன் ஊரிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. அடிமைகளை ஏலமிட்ட சந்தை மாண்ட்கமரியில் இருந்தது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தென்மாநிலக் கூட்டமைப்பு 1861இல் தன் முதல் தலைநகராகத் தேர்ந்ததும் இந்நகரையே. இங்கேதான் 1955 டிசம்பர் முதல் நாள் ரோசா பார்க்ஸ் பேருந்தில் தம் இருக்கையை விட்டு எழ மறுத்தார். இங்குள்ள டெக்ஸ்டர் அவென்யூ ஆலயத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங் 1954 முதல் 1960 வரை போதகராக இருந்தார்.

நினைவிடத்தை எழுப்பியது மாநில அரசன்று, நகராட்சியுமன்று. பிரையன் ஸ்டீவன்சன் என்ற கறுப்பின வழக்கறிஞர் 1989இல் நிறுவிய 'சம நீதி முன்முயற்சி' என்ற தனியார் தொண்டு அமைப்பே அதை எழுப்பியது. மரண தண்டனைக் கைதிகளுக்காக வாதாடுவதே அவ்வமைப்பின் முதற்பணி. தூக்குமேடையின் நிழலில் நிற்போருக்காக நீதிமன்றப் படியேறியவர், அந்த நிழல் எங்கிருந்து தொடங்கியது என்று தேடிப் போய்ச் சேர்ந்த இடம் இது எனலாம். மாநில அரசோ வேறு திசையில் நடந்தது. 40 ஆண்டுகளுக்கு மேற்பட்ட நினைவுச் சின்னங்களை அகற்றுவதைத் தடுக்கும் சட்டத்தை அலபாமா 2017இல் இயற்றியது. தென்மாநிலக் கூட்டமைப்பின் சின்னங்களுக்கு அது அரணாயிற்று. 2018 ஏப்ரலில் நினைவிடம் திறக்கப்பட்ட அதே வாரத்தின் திங்கட்கிழமை, அக்கூட்டமைப்பின் வீரர்களுக்கான அரசு விடுமுறை நாள்! அறிக்கையிட வேண்டியவர் வாளாவிருக்க, பாதிக்கப்பட்டவரே அறிக்கையின் சொற்களையும் எழுதித் தரவேண்டியதாயிற்று. இந்த முரண்பாட்டை மனத்தில் கொண்டே நினைவிடத்துக்குள் நுழைய வேண்டும்.

நடக்க நடக்க உயரும் தூண்கள்

நகரைப் பார்த்தபடி அமைந்த ஒரு குன்றின் மேல், நடுவே புல்வெளியைச் சூழ்ந்து நான்கு பக்கமும் திறந்த கூடம் ஒன்று நிற்கிறது. அதன் கூரையின் கீழ் 800க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள். மழையிலும் வெயிலிலும் துருவேறிச் செம்பழுப்பாகும் எஃகு அது. ஒவ்வொரு தூணும் கொலை நடந்த ஒரு மாவட்டத்துக்கு உரியது. மாவட்டத்தின் பெயர் மேலே. அதன் கீழ் அங்கே கொல்லப்பட்டவர்களின் பெயரும் நாளும். பெயர் தெரியாதவருக்கு, தெரியாதவர் என்றே பொறித்திருக்கிறார்கள்.

முதற்பக்கத்தில் தூண்கள் தரையில் ஊன்றி நிற்கின்றன. ஏறத்தாழ ஆளுயரம். வருபவர் அவற்றுக்கிடையே மனிதர் நடுவே நடப்பதுபோல் நடக்கிறார். பெயர்களைக் கண்ணுக்கு நேராகப் படிக்கிறார். மூலை திரும்பியதும் தரை மெல்லச் சரியத் தொடங்குகிறது. தூண்களோ இருந்த உயரத்திலேயே இருக்கின்றன. அவை நிற்கவில்லை, கூரையிலிருந்து தொங்குகின்றன என்பது அப்போதுதான் புலப்படுகிறது. இன்னும் சிறிது நடந்தால் அவை தலைக்கு மேலே போய்விடுகின்றன. பெயர்களைப் படிக்க அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இவ்வமைப்பின் ஆற்றல் எங்கே இருக்கிறது? தூக்கிலிடப்பட்ட உடல்களை அது நினைவூட்டுகிறது என்று பலர் எழுதியுள்ளனர். அது உண்மையே. ஆனால் அதைவிட ஆழமான ஒன்றை இந்தச் சரிவு செய்கிறது. தொங்குகின்றவற்றின் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர் யார்? அன்று அப்படி நின்றது வேடிக்கை பார்த்த கூட்டம். அஞ்சல் அட்டைகளில் தலை உயர்த்தி நிற்கும் முகங்கள் அவர்களுடையவை. கொலையுண்டவருக்காக இரங்க வந்தவரை, தாம் அறியாமலே, அக்கூட்டத்தின் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது இக்கட்டடம். 'நான் யாருக்காக அழுகிறேன்' என்ற கேள்வியோடு வந்தவர், 'நான் எங்கே நிற்கிறேன்' என்ற கேள்வியோடு நிற்கிறார். நம் சிலுவைப் பாதையிலும், பாடுபடுபவரைப் பார்த்து இரங்குவதோடு நில்லாமல், தெருவோரம் நின்ற கூட்டத்தில் நம்மையும் தேடுமாறு நாம் கேட்கப்படுகிறோம் அன்றோ!

இந்நினைவிடத்தை உருவாக்கியோர் பெர்லின் நகரின் யூத இன அழிப்பு நினைவிடத்திலிருந்து பாடம் கற்றவர்கள். 2005இல் திறக்கப்பட்ட அந்நினைவிடத்தில் 2,711 காங்கிரீட் பாளங்கள் நிற்கின்றன. அங்கும் தரை சரிகிறது; பாளங்கள் உயர்ந்து ஆளை விழுங்குகின்றன. ஆனால் அப்பாளங்களில் ஒரு பெயரும் இல்லை. பெயர்களை அறியத் தரைக்கடியில் உள்ள தகவல் கூடத்துக்குச் செல்ல வேண்டும். மேலே நடப்பவரிடம் எஞ்சுவது திசை தெரியாத அச்சம். மாண்ட்கமரி அந்தச் சரிவை ஏற்றுக்கொண்டு, பெயரின்மையை மறுத்தது. ஏட்டில் பெயரழிந்தவர்களுக்கு எஃகில் பெயர் தருவது முதற்கடன் என்று அது கருதியது. இந்த இடத்துக்கு அதுவே பொருத்தம் என்பது என் முடிபு.

எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

கூடத்தின் ஒரு பக்கத்தில் சுவரை ஒட்டிச் சிறு வாசகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு சாவின் காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்கிறது. அலபாமாவின் லுவர்ன் என்ற ஊரில் ஜெசி தார்ன்டன் 1940இல் கொல்லப்பட்டார். வெள்ளையரான காவலர் ஒருவரை 'மிஸ்டர்' என்ற மரியாதைச் சொல் சேர்க்காமல் அழைத்ததே குற்றம். ஜார்ஜியாவில் மேரி டர்னர் 1918இல், வயிற்றில் இருந்த குழந்தையோடு கொல்லப்பட்டார். தம் கணவரைக் கும்பல் கொன்றதைக் குறைகூறியது அவர் செய்த குற்றம். உரையாசிரியர் எவரும் இதைவிடச் சுருங்கச் சொல்ல முடியாது. 'அவன்' என்பதற்கும் 'அவர்' என்பதற்கும் உள்ள தொலைவை நாள்தோறும் அளந்து பேசும் நமக்கு, ஒரு மரியாதைச் சொல்லின் விலை உயிர் என்பது விளக்கமின்றியே விளங்கும்.

ஆனால் இங்கே ஒரு குறையைச் சுட்டியாக வேண்டும். இவ்வாக்கியங்கள் செயப்பாட்டு வினையில் முடிகின்றன. கொல்லப்பட்டார், எரிக்கப்பட்டார், தூக்கிலிடப்பட்டார். செய்தவன் யார்? எழுவாய் எங்கே? விசாரணை அலுவலர்களின் 'அடையாளம் தெரியாத நபர்களை' இந்நினைவிடமும் அடையாளம் தெரியாதவர்களாகவே விட்டுவிடுகிறதோ என்ற ஐயம் எழுவது இயல்பு. புகைப்படங்களில் முகங்கள் இருக்கின்றன. அவர்களுக்கும் பெயர்கள் இருந்தன.

இவ்வையத்துக்குத் தூண்களே ஒருவகையில் விடை தருகின்றன. ஒவ்வொரு தூணின் தலையிலும் இருப்பது மாவட்டத்தின் பெயர். 'கவுண்டி' எனப்படும் அந்த நிர்வாகப் பிரிவுக்கே அந்நாட்டில் ஷெரீஃப் உண்டு. நீதிமன்றமும் சிறையும் உண்டு. கைதியைக் காக்கவேண்டிய கடமை அதனுடையது; காவாமல் விட்டதும் அதுவே. தனிமனிதர் இறந்து மறைவர், மாவட்டம் இறப்பதில்லை. ஆகவே மறைந்த எழுவாயாக மாவட்டத்தையே நிறுத்தியிருக்கிறது நினைவிடம். இது கூர்மையான தெரிவு. எனினும், எல்லோருடைய குற்றமும் எவருடைய குற்றமும் ஆகாமல் நழுவிவிடும் ஆபத்தை அது முற்றிலும் நீக்கிவிடவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் 'எங்கள் ஊர் பாவம் செய்தது' என்று எவரும் சொல்வதில்லை. 'நான்' என்றே தொடங்குகிறோம்.

இரண்டாவது குறை சிற்பங்களைப் பற்றியது. நுழைவழியில் கானா நாட்டுச் சிற்பி குவாமே அகோட்டோ-பாம்ஃபோ வடித்த அடிமைகளின் உருவங்கள் சங்கிலியோடு நிற்கின்றன. வழியின் முடிவுப் பகுதியில் ஹாங்க் வில்லிஸ் தாமஸ் அமைத்த, கைகளை உயர்த்தி நிற்கும் கறுப்பின ஆண்களின் உருவங்கள் உள்ளன. அடிமை முறை, கும்பல் கொலை, இன்றைய காவல்துறை வன்முறை ஆகிய மூன்றும் ஒரே நூலில் கோத்தவை என்ற வாதத்தை அவை முன்வைக்கின்றன. வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் தூண்கள் பார்வையாளரைத் தாமே சிந்திக்கவிட்டு ஒதுங்குகின்றன. சிற்பங்களோ எதை உணரவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. பேசாமல் பேசும் கலைக்கு அருகில் உரத்துப் பேசும் கலை நிற்கும்போது, இழப்பு முன்னதற்கே.

மண்ணின் குரலும் சிலுவையும்

கூடத்துக்கு வெளியே, திறந்த வெளியில், உள்ளே தொங்கும் தூண்களின் மறுபடிகள் வரிசை வரிசையாகச் சவப்பெட்டிகளைப்போல் கிடத்தப்பட்டுள்ளன. ஒவ்வொரு மாவட்டமும் முன்வந்து தன் தூணைக் கேட்டுப் பெற்று, தன் மண்ணில் நாட்டவேண்டும் என்பது திட்டம். எடுத்துச் சென்றவர் யார், செல்லாதவர் யார் என்று இவ்வெளியே காட்டிக்கொடுக்கும் என எண்ணினர். கலைப்படைப்பு என்ற அளவில் இது அரிய கற்பனை. பார்ப்பவர் செயல்பட்டாலன்றி முடிவுறாத படைப்பு அது. பல மாவட்டங்களில் மக்கள் குழுக்கள் கொலை நடந்த இடங்களில் அறிவிப்புப் பலகைகளை நாட்டியிருக்கின்றன. ஆனால் தூண்களின் வரிசைகள் இன்னும் காலியாகவில்லை. பலகை நாட்டுவது எளிது. ஆறடி எஃகை நீதிமன்ற வாசலில் நிறுத்துவது எளிதன்று.

நினைவிடத்தைச் சார்ந்த அருங்காட்சியகத்தில் கண்ணாடிச் சாடிகள் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டுள்ளன. கொலை நடந்த இடங்களிலிருந்து உறவினரும் தொண்டர்களும் அள்ளி வந்த மண் அவற்றில் இருக்கிறது. கருப்பு, சிவப்பு, மஞ்சள், சாம்பல் என ஊருக்கொரு நிறம். சாடியின் மேல் பெயர், ஊர், நாள். தொடக்கநூலில் ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து இறைவனை நோக்கிக் கதறுவதை நாம் அறிவோம். காயினிடம் இறைவன் கேட்ட கேள்வி சகோதரன் எங்கே என்பதே. அக்கேள்விக்கு ஒவ்வொரு சாடியும் இடம் சுட்டி விடை சொல்கிறது. முழு வளாகத்திலும் மிக எளியதும் மிகச் சிறந்ததும் இதுவே என்பேன். செலவில்லாதது, எவரும் செய்யக்கூடியது, செய்பவர் குனிந்தாக வேண்டியது.

மரத்தில் தொங்கவிடப்பட்டவரை வணங்கும் சமயம் நம்முடையது. மரத்தில் தொங்கியவன் சாபத்துக்குள்ளானவன் என்ற இணைச்சட்டத்தின் கருத்தைத் தூய பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் எடுத்தாண்டு, அச்சாபத்தையே மீட்பின் வழியாகக் காண்கிறார். அப்படியிருக்க, ஞாயிறு வழிபாட்டில் சிலுவையைப் பாடியவர்கள் தம் ஊர் மரத்தில் தொங்கியவரில் கிறிஸ்துவைக் காணாதது எப்படி? கறுப்பின இறையியலாளர் ஜேம்ஸ் கோன் 2011இல் வெளியிட்ட 'சிலுவையும் லின்ச்சிங் மரமும்' என்ற நூல் இக்கேள்வியையே மையமாகக் கொண்டது. சிலுவையைப் பற்றி ஆழமாக எழுதிய வெள்ளை இறையியலாளர் ரெய்னால்ட் நீபூர்கூட இம்மரத்தைச் சிலுவையோடு இணைத்துப் பார்க்கவில்லை என்று கோன் சுட்டுகிறார். நினைவிடம் திறந்த இரண்டாம் நாள், 2018 ஏப்ரல் 28 அன்று, கோன் காலமானார்.

இது புரட்டஸ்தாந்து தென்னாட்டின் பாவம், நமக்கென்ன என்று கத்தோலிக்கர் ஒதுங்க இயலாது. மேரிலாந்தின் இயேசு சபையினர் 1838இல் 272 அடிமைகளை லூசியானா தோட்டக்காரர்களுக்கு விற்றனர். அப்பணத்தின் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைத்தது. 2017இல் சபையும் பல்கலைக்கழகமும் அவர்களின் வழித்தோன்றல்களிடம் மன்னிப்புக் கோரின. நியூ ஆர்லியன்சில் 1891இல் 11 இத்தாலியரைக் கும்பல் கொன்றது. கும்பலின் கொடுமையைக் கத்தோலிக்கரும் சுவைத்தவர்களே. ஆயினும் அந்நகரின் மறைமாவட்டத்தில் இருக்கைகளிலும் நற்கருணைக் கிராதியிலும் இனப்பிரிவினை தொடர்ந்தது. பேராயர் ஜோசப் ரம்மல் 1953இல் மேய்ப்புப்பணி மடல் எழுதி அதை ஒழிக்க முற்பட்டார். 1955இல் கறுப்பினக் குருவின் திருப்பலியை மறுத்த சிற்றாலயத்தில் அவர் வழிபாட்டை நிறுத்தினார். 1962இல் கத்தோலிக்கப் பள்ளிகளை எல்லா இனத்தாருக்கும் திறந்தபோது, எதிர்த்து நின்ற மூவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். தான் பட்ட துன்பத்தை நினைப்பது மட்டும் ஒருவனைப் பிறர் துன்பத்துக்குக் காவலனாக்கிவிடாது என்பதற்கு இவ்வரலாறு சான்று.

நம் கரையோடும் இவ்வூருக்கு ஒரு தொடர்பு உண்டு. மாண்ட்கமரியின் போதகராக இருந்த நாளிலேயே, 1959இல், மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்தார். குமரிமுனையில் நின்று கடலைப் பார்த்தார். திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் படித்த பள்ளியொன்றில் தலைமையாசிரியர் அவரைத் தங்களைப்போல் தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் அது அவரைத் துணுக்குறச் செய்தது. பின்னர் எண்ணிப் பார்த்து, ஆம், அது உண்மையே என்று ஏற்றுக்கொண்டார். 1965இல் ஆற்றிய மறையுரையில் இதை அவரே நினைவுகூர்ந்தார்.

பாவ மன்னிப்புக்கு மனத்துயர், அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றும் வேண்டும் என்று திருச்சபை கற்பிக்கிறது. மாண்ட்கமரி நினைவிடம் சரியும் தரையால் மனத்துயரை எழுப்புகிறது. தூண்களின் பெயர்களால் அறிக்கையைத் தொடங்கிவைக்கிறது. பரிகாரத்தை அது செய்யவில்லை, செய்யவும் இயலாது. அதைச் செய்யவேண்டியவர்களுக்காக, வெளியே வரிசையாகத் தூண்களைக் கிடத்திவிட்டுக் காத்திருக்கிறது. ஒரு நினைவிடம் இதைவிட நேர்மையாக இருக்க முடியுமா என்று எனக்குத் தோன்றவில்லை. அதைப் பார்த்துத் திரும்புவோர் தம் ஊரின் மண்ணில் எவருடைய இரத்தம் இருக்கிறது என்று கேட்டறியத் தொடங்குவார்களாயின், அதன் பணி நிறைவேறுகிறது.